கண்ணாடி ஓட்டின் மேல் கிடந்த சாக்கு

எங்கள் வீட்டின் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. உத்தரத்துக்கு ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். பழைய ஓட்டு வீடுகளில் காற்றுக்கு வழி வேண்டும் என்று அப்படி விட்டுவிடுவார்கள். காற்று போகிற வழியில் பேச்சும் போகும். அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைத்தால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

என் வீட்டுக்காரர் போய்ப் பல வருடமாயிற்று. ஒரே மகன், வெளிநாட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வான். "சாப்ட்டியாம்மா?" என்பான். "சாப்ட்டேன் மக்கா" என்பேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச வராது. நான் சின்ன வயதிலேயே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து நிற்கக் கூச்சப்பட்டு அடி வாங்கியிருக்கிறேன். அந்த வருடத்தோடு படிப்பும் நின்றது. அடியினால் இல்லை, வீட்டில் போதும் என்றார்கள்.

மேற்குப் பாதியில் இரண்டு வருடமாக ஒரு டீச்சர் குடியிருக்கிறார். புதுக்கடைப் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குப் போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வார். குழம்பு கொடுக்கப் போனபோது ஒரு தடவை பார்த்தேன். பெரிய பழக்கமெல்லாம் கிடையாது. கிணற்றடியில் பார்த்தால் "மாமி, சொகமா?" என்பார். நான் தலையை ஆட்டுவேன்.

ஆனால் அவர் குரல் எனக்கு நல்ல பழக்கம். ஆறு மணிக்கு நடுச்சுவரோரம் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கையில் ஈர்க்குச்சி சீவுகிற மாதிரி ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். ஒட்டுக்கேட்கிறோம் என்று எனக்கே தோன்றக்கூடாதே. அவர் பேச்சு ஏறி இறங்கிப் பாட்டு மாதிரி இருக்கும். முதலில் அந்தப் பாட்டுக்காகத்தான் கேட்டேன். பிறகு சொல்லும் புரியத் தொடங்கியது.

"இலையில உள்ள செல்லுக்குள்ள பச்சப் பச்சையா குட்டியா கெடக்கும். அதுதான் குளோரோபிளாஸ்ட், பசுங்கணிகம்னு தமிழ்ல எழுதணும். மேல ரெண்டு தோலு. உள்ள பச்சத் தட்டு, தோசைய ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி. அந்தத் தட்டுதான் வெயிலப் பிடிக்கும். பிடிச்ச வெயில வச்சு தண்ணியப் பிளக்கும். அப்ப மிச்சமா வெளிய போறதத்தான் நம்ம மூச்சா இழுக்கோம். தட்டச் சுத்தி கொழகொழன்னு ஒரு சாறு உண்டு. காத்துல உள்ள கரியமில வாயுவ அதுலதான் சர்க்கரையா ஆக்கும். வெளங்கிச்சா? அப்போ செடிக்கு மைட்டோகாண்ட்ரியா உண்டுமா?"

ஒரு பெண்பிள்ளையின் குரல் போனுக்குள்ளிருந்து, "இல்ல மிஸ். அதுக்குத்தான் குளோரோபிளாஸ்ட் இருக்குல்லா" என்றது.

"அட மண்டு! சோறு வடிச்சு வச்சா மட்டும் போருமா? திங்காண்டாமா? வெயில் தாந்த பொறவு ராத்திரி முச்சூடும் அது எதக் கொண்டு சீவிக்கும்? செடிக்கும் மைட்டோகாண்ட்ரியா உண்டு. வேருக்கும் உண்டு, வெதைக்கும் உண்டு."

நான் சீவுவதை நிறுத்திவிட்டேன்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் இரண்டு தோலாம். வெளித்தோல் வழவழப்பு, உள்தோல் மடிப்பு மடிப்பு. சின்ன இடத்துக்குள் நிறைய வேலை நடக்க வேண்டுமென்று அப்படி மடிந்திருக்கிறதாம். என் தகரப்பெட்டியை நினைத்துக்கொண்டேன். விரித்தால் முற்றம் கொள்ளாத சேலையெல்லாம் மடித்தால் அதற்குள் அடங்கிவிடுகிறது.

"நெஞ்சு வாசப்படிதான், மக்களே. மூச்சு போய்ச் சேருகது இந்த மைட்டோகாண்ட்ரியாவுலதான். சர்க்கரைய அடுப்புல போட்டு எரிக்க மாதிரி ஒரேயடியா எரிக்காது. பைய பைய எரிச்சு, அந்தச் சக்திய சின்னச் சின்னப் பொட்டலமாக் கட்டி செல்லுக்குக் கொடுக்கும். கடைசிப் படியில கைநீட்டி வாங்கதுக்குத்தான் ஆக்சிஜன். வாங்க ஆளில்லன்னா பின்னால உள்ள வேலை அத்தனையும் நின்னு போவும்."

என் வீட்டுக்காரர் மயிலாடியில் கல் கொத்தினவர். கல்தூசி நெஞ்சில் படிந்துதான் போனார். கடைசி மாதங்களில் படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டே இருப்பார். நான் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பேன். அந்தக் காற்று எங்கே போய்ச் சேர வேண்டும் என்று அன்று சுவரோரம்தான் எனக்குத் தெரிந்தது. வாசலில் தூசி அடைத்துக்கொண்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ அடுப்புகள் காத்துக் கிடந்திருக்கின்றன. தெரிந்திருந்தாலும் நான் வீசத்தான் செய்திருப்பேன். ஆனாலும் எதற்கு வீசுகிறோம் என்று தெரிந்து வீசியிருக்கலாம்.

இன்னொரு நாள், மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும் என்றார். அப்பாவுடையது சேராதாம். நான் விரல் மடக்கிப் பார்த்தேன். என் அம்மாவுடையது எனக்கு. என்னுடையது என் மகனுக்கு. அவன் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாவுடையது. அப்படியென்றால் என் அம்மா வழி வந்தது என் மகனோடு முடிந்துபோகும். யாரிடமும் சொல்கிற விஷயமில்லை. விளக்கைப் பொருத்திவிட்டு, வைத்திருந்த கஞ்சியைக் குடித்தேன்.

இப்படி வருடம் முழுவதும் அந்தக் குரல். அது போக எனக்கு எட்டு சாயங்காலங்கள் உண்டு.

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு எட்டு நாள் முன்னால் முளைப்பாரி போடுவோம். மண்சட்டியில் வைக்கோலும் சாணிப்பொடியும் மண்ணும் போட்டு, சிறுபயறு விதைத்து, வெளிச்சமே படாத அறையில் வளர்ப்பது. இருட்டில் வளர்ந்தால்தான் முளை பொன்னிறமாக, ஒரு முழ உயரத்துக்கு எழும்பும். அந்த நிறத்துக்குத்தான் மதிப்பு. வெளிச்சம் படக்கூடாது, விரதம் இருக்கிறவர் தவிர யாரும் பார்க்கக்கூடாது. என் பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டால் இருட்டுத்தான். அதனால் பாரி வளர்ப்பது என் வீட்டில். நான் தாலி அறுத்தவள், தலையில் எடுத்துப் போகக்கூடாது. ஆனால் தீட்டு நின்றுபோன கிழவி, தண்ணீர் ஊற்றலாம். விரதமிருந்து காலையும் மாலையும் ஊற்றுவது என் வேலை.

அந்த எட்டு நாளும் இருட்டின பிறகு பெண்கள் என் முற்றத்துக்கு வந்து கும்மி அடிப்பார்கள், நாக்கைச் சுழற்றிக் குரவை இடுவார்கள். நான் கூட்டத்தில் சேர்வதில்லை. படியில் உட்கார்ந்திருப்பேன். முற்றம் நிறைந்திருக்கும், எனக்கு அது போதும்.

விதைப்புக்கு முந்தின நாள் சிறுபயற்றை ஊறவைத்துத் துணியில் கட்டி வைப்போம். இந்த வருடம் காலையில் முடிச்சை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டேன். சூடாக இருந்தது. எல்லா வருடமும் இருக்கிற சூடுதான், எதனால் என்று யோசித்ததே இல்லை. வேருக்கும் உண்டு, விதைக்கும் உண்டு என்ற குரல் ஞாபகம் வந்தது. விதைக்குள் கட்டிவைத்த சோற்றை எடுத்து மூச்சு விட்டு எரித்துக்கொண்டிருக்கிறது. கையை எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது சட்டியில் போட்டோம். முளை அழகாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஒரு சாவு விழுந்தது. கொடையை ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள்.

கோவில் காரியங்களில் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிற நாத்தனார் ஒருத்தி உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகள். அவள் வந்து வாசலில் நின்றாள். கூட இரண்டு பேர்.

"போட்டதக் கொட்டிட்டு வேற போட்டா என்ன?" என்றாள் ஒருத்தி.

"வாயக் கழுவுட்டி! அம்மன் பேரச் சொல்லிப் போட்ட மொளைய எவளாவது கொட்டுவாளா?" என்று நாத்தனார் அவளை அடக்கினாள். பிறகு என்னிடம், "மைனி, இன்னும் ஒரு வாரம் நிக்குமா?" என்றாள்.

"பாப்போம்" என்றேன்.

"பாப்போம்னு சொன்னா எப்பிடி? சாஞ்சு போச்சுன்னா ஊருக்கே சகுனக்கேடு. ஒங்களுக்கும் வயசாயிட்டு. இந்த வருசம் சாஞ்சுதுன்னா, அடுத்த வருசம் மண்டபத்துல வச்சிருவோம். அங்க ஸ்டோர் ரூம் சும்மா பூட்டித்தான் கெடக்கு."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் மண்டபம் கோவிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. கும்மியும் அங்கே போய்விடும்.

அந்த வாரம் சாவுத்தீட்டு என்பதால் கும்மி கிடையாது. நான் மட்டும் காலையும் மாலையும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே போய்த் தண்ணீர் தெளித்து வந்தேன். ஒன்பதாம் நாள் சிம்னி விளக்கை முந்தானையால் மறைத்துப் பார்த்தேன். முளைகள் ஒன்றோடொன்று சாயத் தொடங்கியிருந்தன. இலைக்கு அடியிலிருந்த பருப்பு இரண்டும் சுருங்கித் தோலாகிக் கீழே உதிர்ந்து கிடந்தன. தொட்டால் தண்டு நூல் மாதிரி வளைந்தது. தண்ணீர் போதாதோ என்று கூட ஒரு செம்பு ஊற்றினேன். மறுநாள் இன்னும் சாய்ந்தது.

எனக்கு விஷயம் பாதி புரிந்தது. அம்மா கட்டிக் கொடுத்த சோறு தீர்ந்துவிட்டது. எரிக்கிற அடுப்பு இருக்கிறது, ஆக்குகிற அடுக்களை இன்னும் திறக்கவில்லை. வெளிச்சம் காட்டினால் திறக்குமா? இத்தனை நாள் இருட்டில் கிடந்தது வெளிச்சம் பட்டால் கருகுமா? இதைப் பற்றி டீச்சர் பாடத்தில் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவரிடம் கேட்கலாம். கேட்டால், இத்தனை நாள் சுவரோரம் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டிவரும்.

பத்தாம் நாள் சாயங்காலம் அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனேன். வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை.

"என்ன மாமி? இரியுங்க. சாயா போடட்டா?"

"வேண்டாம். டீச்சர்... இந்த மைட்டோகாண்ட்ரியா..." என்றேன்.

அவர் கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

அப்புறம் எப்படியோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பருப்பு உதிர்ந்தது, தண்டு சாய்ந்தது, அடுக்களை, கட்டுச்சோறு. என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசினது அன்றுதான். டீச்சர் பையை வைத்துவிட்டு என் கூடவே வந்தார்.

"நான் எட்டிப் பாக்கலாமா மாமி? நான் சர்ச்சுக்குப் போறவ. ஒங்க வழக்கம் எனக்கு அறியாது."

"பாக்கக்கூடாது" என்றேன்.

"செரி. அப்போ நீங்க சொல்லுங்க. நுனி கொக்கி மாதிரி வளஞ்சு இருக்கா, விரிஞ்சிட்டா?"

நான் உள்ளே, அவர் பின்னறைக் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு. ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் விளக்கைப் பிடித்துச் சொன்னேன். நுனி வளைந்திருக்கிறது. இலை இரண்டும் கூப்பின கை மாதிரி ஒட்டி, மஞ்சளாக இருக்கிறது. வேர் அழுகின வாடை இல்லை.

"அப்போ உயிரு இருக்கு. மஞ்சளா இருக்க எலைக்குள்ள அடுக்களையெல்லாம் பாதி கெட்டி வச்சிருக்கு, மாமி. பச்சை மட்டும் ஏறல்ல. அது ஏற வெளிச்சம் வேணும். வெளிச்சம் பட்டா உள்ள தட்டு அடுக்க ஆரம்பிக்கும். ரெண்டு நாள்ல பச்சையாயிரும். ஒரேயடியா வெயில் காட்டாதீங்க, கருகிரும். மொதல்ல விடியக்காலத்த வெளிச்சம், கொஞ்ச நேரம். பொறவு பைய கூட்டுங்க."

"பச்சையானா?"

"பச்சையானா நிக்கும். அதுவே ஆக்கித் திங்கும். ஆனா உங்களுக்கு பச்சை ஆகக்கூடாதில்லியா?"

நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். பொன்னிறத்தில் செத்து விழவேண்டும், அல்லது பச்சையாகி உயிரோடு நிற்கவேண்டும். இரண்டில் ஒன்று.

போகும்போது டீச்சர் வாசலில் திரும்பி நின்றார். முகம் சிவந்திருந்தது.

"மாமி, நான் பேசது முழுக்க அங்க கேக்குமா?"

"கேக்கும்."

"அய்யோ! போன்ல வீட்டுக்காரருட்ட சண்ட போடதும் கேக்குமா?"

"அப்ப நான் அடுக்களைக்குப் போயிருவேன்" என்றேன். உண்மைதான்.

அவர் சிரித்தார், ஆனால் சங்கடமான சிரிப்பு. "ரெண்டு வருசமா ஒங்களத் தொந்தரவு பண்ணியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" என்றார்.

தொந்தரவு இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். அன்றைக்கு உள்ள பேச்சு எனக்குத் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் விடிந்ததும் குளித்து, அம்மனை நினைத்துக்கொண்டு, தொரட்டியை எடுத்துத் தாழ்ந்த கூரையில் கிடந்த சாக்கை இழுத்தேன். பாதி இழுத்தேன். பின்னறையில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது. சட்டிகளை அதைச் சுற்றி நகர்த்தி வைத்தேன். சாய்ந்த தண்டுகளுக்கு வாழைநாரால் சுற்றிலும் ஒரு கட்டுப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூடினேன். சாயங்காலம் போனால் வளைந்த நுனிகள் நிமிர்ந்திருந்தன. மறுநாள் கூப்பின கை விரிந்திருந்தது, விளிம்பில் இளம்பச்சை. அதற்கு மறுநாள் சாக்கை முழுதும் எடுத்துவிட்டேன். சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. காட்டக்கூடாத பொருள். காட்ட ஆளும் இல்லை.

கொடையன்று சாயங்காலம் பெண்கள் சட்டி எடுக்க வந்தார்கள். கதவைத் திறந்துவிட்டு நான் ஓரமாக நின்றேன்.

"ஏட்டி, இங்க வந்து பாரு! இதென்ன பச்சையா நிக்கி!"

"பாரியா இது? கீரப்பாத்தி மாதிரில்லா இருக்கு."

"ஒரு பிடி பறிச்சுட்டு வா, தேங்கா அரச்சுத் தொவரன் வச்சிருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் சிரிக்கவில்லை. அவள் மேலே பார்த்தாள். கண்ணாடி ஓட்டைப் பார்த்தாள். சாக்கு முற்றத்து மூலையில் மடித்து வைத்திருந்தது. வரும்போதே அதை அவள் பார்த்திருப்பாள். என் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது, கொட்டிவிட்டு வேறு போடலாம் என்று அன்றைக்கு வாய்விட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான் நாத்தனாரிடம், "மைனி, அம்மைக்கு இந்த வருசம் பச்சப்பட்டுதான சாத்தப் போறாவ? அதுக்கேத்த மாதிரி மொளையும் பச்சையா வந்திருக்கு பாருங்க" என்றாள்.

நாத்தனார் ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்தாள். முளை சாயவில்லை.

"பதினஞ்சு நாளு நின்னுருக்கு" என்றாள். "எவளாலயாவது முடியுமா? குரவ போடுங்கட்டி."

குரவை இட்டார்கள். முற்றத்தில் மூன்று சுற்றுக் கும்மி அடித்தார்கள். ஒன்பது சட்டியும் தலையில் ஏறிப் போயிற்று. படியிறங்கும்போது நாத்தனார் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அடுத்த வருசமும் இங்கதான், மைனி. சாக்க மட்டும் நல்லா இழுத்துக் கெட்டிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாக்கை நான்தான் எடுத்தேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

முற்றம் எனக்குத் தங்கிவிட்டது. அதற்குக் கொடுத்தது என்னவென்று கொடை முடிந்த மறுநாள் ஆறு மணிக்குத் தெரிந்தது. பாரி வேலையில் பல நாளாகப் போடாத பலகையைப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. பிறகு ஒன்றும் இல்லை. தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. டீச்சர் வாசல் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டுகிற ஒயரைப் போட்டுக்கொண்டு பாடம் எடுக்கிறார். மறுநாள் காலையில் கிணற்றடியில், "இப்ப சத்தம் வரல்லயே மாமி?" என்று ஆசையோடு கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

நல்ல மனசு. எனக்காகத்தான் செய்கிறார். அவர் கடைசியாக உரக்கச் சொன்ன பாடங்களில் ஒன்று எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். இந்தப் பசுங்கணிகமும் மைட்டோகாண்ட்ரியாவும் எப்போதோ தனித்தனியே திரிந்த உயிர்களாம். இன்னொரு செல்லுக்குள் போனவை, அங்கேயே தங்கிவிட்டன. அதனால்தான் இரண்டு தோலாம், தனக்கென்று கொஞ்சம் மரபுக் குறிப்பும் உள்ளே வைத்திருக்கிறதாம். "வெளியில இருந்து வந்ததுதான், ஆனா இப்ப பிரிச்சா ரெண்டுபேருக்கும் சீவன் இல்ல" என்றார். அப்படிச் சேர்ந்து இருக்க ஒரு வாய்வார்த்தை கூடத் தேவைப்பட்டிருக்காது அவற்றுக்கு.

எனக்குத் தேவைப்படுகிறது. வாய்க்கு வராததால் காகிதத்தில் எழுதினேன். "டீச்சர், பழைய இடத்தில் இருந்தே உரக்கப் பாடம் சொல்லுங்கள். எனக்குத் தொந்தரவு இல்லை. நான் கேட்கத்தான் உட்காருகிறேன்." மூன்று வரி எழுத ஒரு சாயங்காலம் ஆயிற்று. நாலாக மடித்து எடுத்துக்கொண்டு மூன்று தடவை அவர் வாசல் வரை போனேன். ஒரு தடவை செருப்பு வெளியே கிடந்தது, கதவு திறந்துதான் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

பின்னறைக் கண்ணாடி ஓட்டில் இப்போது சாக்கு இல்லை. மத்தியானம் ஒரு சாண் வெளிச்சம் தரையில் விழுந்து நகர்ந்து போகிறது. சீட்டு அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்தேன், மடிப்பில் மஞ்சள் ஏறியிருக்கிறது. எழுத்து இன்னும் வாசிக்கிற மாதிரிதான் இருக்கிறது. ஆறு மணி ஆகப்போகிறது. பலகையை எடுத்துப் போட வேண்டும்.